மருதாணி வைத்த மரப்பாசி

மஹ்பூபா யாரையும் சட்டென்று சந்தேகப்படுகிறவள் இல்லை. நிதானமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நன்றாகப் பழுக்கவைத்துத்தான் சந்தேகப்படுவாள். இருபது வருஷம் ரசாயனச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு வேறு எப்படி வரும்? மீன்காரரின் தராசிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் துவா வரைக்கும் எதையும் ஒருமுறை புரட்டிப் பார்க்காமல் நம்பமாட்டாள் என்று அவளுடைய அண்ணன் வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

சோதனைக்கூடம் பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ குயின் தெருவில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்கச் சினிமாப் பாட்டு, மேலே அமிலப் புட்டிகள். மொத்தம் மூன்றே பேர். உரிமையாளர் டாக்டர் ஷேக் அலாவுதீன், சோதனை செய்ய மஹ்பூபா, வெளியே போய் மாதிரி எடுத்து வரக் குணாளன். குணாளனுக்கு ஐம்பத்தெட்டு வயது, புக்கிட் மெர்தாஜாமில் வீடு. பதினாறு வருஷமாக அதே வேலை, அதே மோட்டார் சைக்கிள், சட்டைப் பையில் அதே நீலப் பேனா. மஹ்பூபாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு வேலை வரும். அக்கரையில், கடலுக்கு அந்தப் பக்கம், பழைய பேட்டரிகளை உருக்கும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதை ஒட்டி ஒரு குடியிருப்பு. புகையில் ஈயம் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி குடியிருப்புச் சங்கத்தார் டாக்டரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதற்குக் காற்றைப் புட்டியில் பிடிக்க வேண்டியதில்லை. அங்கே சாலையோரம் ஆறு தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. அவற்றின் பட்டையில் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கிற மரப்பாசி போதும். பிரியாணிக்குப் போடுகிற கல்பாசி இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் இது. வேர் கிடையாது. மண்ணிலிருந்து எதையும் எடுக்காது. காற்றில் வருவதைத்தான் தின்னும், வந்த ஈயத்தையும் துத்தநாகத்தையும் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். குணாளன் அதைப் பெயர்த்து, மரத்துக்கு ஒன்றாக ஆறு காகித உறைகளில் போட்டுக் கொண்டுவருவார். மஹ்பூபா அதைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் ஏற்றுவாள். எவ்வளவு ஈயம் என்று கருவி சொல்லிவிடும்.

போன வருஷம் ஒரு கிராம் பாசிக்கு நூற்று நாற்பது மைக்ரோகிராம் சொன்னது. இந்த வருஷம் அறுபத்தைந்து.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, நல்ல வடிகட்டி போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, காற்று சுத்தமாகியிருக்கிறது என்றார். மஹ்பூபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுத்தமாம்! அந்தச் சாலையில் ஐந்து நிமிஷம் நின்றால் தொண்டை கரகரக்கிறது, கண் எரிகிறது. தொழிற்சாலைக்காரர்கள் இரண்டாவது உலை போட அனுமதி கேட்டிருக்கிறார்கள், டிசம்பரில் நகராட்சிக் கூட்டம் முடிவு செய்யப்போகிறது. சரியாக இந்த வருஷம் பார்த்து ஈயம் பாதிக்கும் கீழே இறங்குமா? கருவியை மறுபடி சரிபார்த்தாள். மூன்று முறை ஏற்றினாள். கருவியில் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் உறையில் இருக்க வேண்டும், உறையைக் கொண்டுவந்தது குணாளன்.

அங்கே ஆரம்பித்தது. ஆரம்பித்தபின் அதற்குத் தீனிக்கா பஞ்சம்? குணாளனின் மகள் காமினி ஆகஸ்டிலிருந்து அதே பேட்டரித் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தாள். தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவில் உதவியாளர். வேலை கிடைத்த அன்று அப்பன்காரர் லட்டு வாங்கிவந்து கொடுத்தார். மஹ்பூபா இரண்டு எடுத்துக்கொண்டாள். அப்போது தோன்றாதது இப்போது தோன்றியது. அத்தனை பேர் டிப்ளோமா படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க, இந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? அதுவும் அங்கே?

அடுத்த வாரமே இன்னொன்று மாட்டியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியவள், லெபோ பாசாரில் மசாலாக் கடையிலிருந்து குணாளன் வெளியே வருவதைப் பார்த்தாள். கையில் பொட்டலம். என்ன வாங்கினீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"கல்பாசி, தங்கச்சி. ஞாயித்துக்கிழமை வீட்ல ஆட்டுக்கறி" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். கல்பாசி! எங்கோ மலையில் விளைந்து, மூட்டையில் வந்து இறங்குகிற பாசி. அதை ஊறவைத்துக் காயவைத்து உறையில் போட்டுக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பொடித்த பிறகு இரண்டும் ஒரே சாம்பல்தானே. ஈயமும் குறைவாகத்தான் காட்டும். பட்டப்பகலில் வாங்கிக்கொண்டு, பெயரையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போகிறாரே மனுஷன், என்ன துணிச்சல் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. திருடுகிறவன் பொட்டலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டா போவான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

டாக்டரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், பதினாறு வருஷமாக இருக்கிறவர் என்றார். பிறகு, கையில் ஆதாரமில்லாமல் ஒருவர் பெயரைக் கெடுக்கக் கூடாது, மறுபடி ஒருமுறை எடுத்துவரச் சொல்கிறேன், நீ கவனித்துக்கொள் என்றார். உண்மை என்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கும் கடிதமும் போலீஸ் புகாரும் ஒரே நாளில் போகும் என்றும் சொன்னார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் புஷ்பவள்ளி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, முடிவு வந்துவிட்டதா என்று போன் செய்தார். இன்னும் வரவில்லை என்று வைத்திருக்கலாம். மஹ்பூபாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் கவனமா இருங்க டீச்சர். எங்க ஆளோட மக அங்கதான் வேல பாக்குது" என்று ஒரே ஒரு வார்த்தை விட்டாள். டீச்சர் எதிர்முனையில் ஓஹோ என்றார். அந்த ஓஹோ அன்று சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டாம் முறை பாசி எடுக்கும்போது குணாளனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். எப்படி? மரத்திலிருக்கும் பாசியில் முன்கூட்டியே ரகசியமாக ஓர் அடையாளம் வைத்துவிட்டால்? அடையாளம் உள்ளது உறையில் வந்தால் மரத்துப் பாசி, வராவிட்டால் கடைப் பாசி. யோசனை நன்றாகத்தான் இருந்தது. எதனால் அடையாளம் வைப்பது? பெயிண்ட் வைத்தால் பளிச்சென்று தெரியும், அதிலேயே உலோகமும் இருக்கும். நகச்சாயத்தை, தொழுகைக்கு முன் செய்கிற ஒளுவுக்குத் தடை என்று அவர்கள் வீட்டில் யாரும் வாங்குவதே இல்லை. மழைக்கும் அழியக் கூடாது, பார்த்தால் பட்டைக் கறை மாதிரி இருக்க வேண்டும்.

அந்த வாரம் அண்ணன் மகள் ஹன்னாவுக்குக் கல்யாணம். மருதாணி வைக்கும் நாளில் வீடு முழுக்கப் பெண்கள். மஹ்பூபாவும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பாத்திரத்தில் மிஞ்சிக் கிடந்த பசையைப் பார்த்தாள். இதைவிட வேறென்ன வேண்டும்? ஊறிவிட்டால் வாரக்கணக்கில் போகாது, காய்ந்தால் பழுப்பு. யாருக்கும் தெரியாமல் ஒரு ஜாடியில் வழித்து எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஃபெரியில் அக்கரைக்குப் போனாள். அங்கிருந்து வாடகைக் காரில் தூங்குமூஞ்சி மரங்களுக்கு. கையில் குடை, காதில் போன், பேசுவதாகப் பாவனை. கல்யாண வீட்டு மருதாணியைக் கொண்டுபோய் மரத்துக்கு வைத்தவள் பினாங்கில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். முதல் மரத்தில் கடுகளவு புள்ளி வைத்தாள். கண்ணுக்குத் தெரியவில்லை. பெரிதாக வைத்தாள். ஆறாவது மரத்துக்கு வரும்போது இருபது சென் காசளவுக்கு வந்திருந்தது. சைக்கிளில் போன மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மஹ்பூபா போனில் இன்னும் சத்தமாகப் பேசினாள்.

புதன்கிழமை குணாளன் போனார். காலையிலிருந்து கொட்டிய மழை விட்ட பிறகுதான் கிளம்பினார். எப்போதும் அப்படித்தான். காய்ந்த பாசி கைபட்டால் நொறுங்கும், நனைந்தது ஊறின அப்பளம் போல வளைந்து கொடுக்கும், பட்டையிலிருந்து முழுசாக உரியும். பதினாறு வருஷமாகத் தெரிந்த விஷயம். இப்போது மஹ்பூபாவுக்கு அதுவும் ஒரு மாதிரியாகப் பட்டது. மழையில் சாலையில் ஆள் இருக்காது இல்லையா, அதற்குத்தான் மனுஷன் காத்திருக்கிறார் என்று நினைத்தாள்.

சாயங்காலம் வந்தார். மேசையில் உறைகளை வரிசையாக வைத்தார். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தன.

"யாரோ மரத்துக்கு மருதாணி வெச்சிருக்காங்க தங்கச்சி" என்றார். "ஆறு மரத்துலயும். என்ன வேண்டுதலோ, பாவம். அத நல்ல பாசியோட கலக்க வேணாம்னு தனியாப் போட்டுருக்கேன். மனசு கேக்கல, கும்பிட்டுட்டுத்தான் எடுத்தேன்."

ஏழாவது உறையின் மேல் நீலப் பேனாவால் தேதி, நேரம், பழுப்புக் கறை பட்டது என்று எழுதியிருந்தது. உள்ளே அவள் வைத்த புள்ளிகள் எல்லாம் இருந்தன, இருபது சென் காசுகள் உட்பட.

இதோடு தீர்ந்திருக்க வேண்டும். மரத்துப் பாசியைத்தான் எடுத்திருக்கிறார், வேலையை வேலையாகச் செய்திருக்கிறார், வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் சந்தேகம் வந்து உட்கார்ந்த இடத்தில் நிம்மதி அவ்வளவு சுலபத்தில் வருமா? கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறதே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. எனக்குத் தெரியும் என்று காட்டத்தான் தனி உறையா? வேண்டுதல், கும்பிட்டேன் என்பதெல்லாம் நடிப்பா? அவர் மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்புகிறவரை ஜன்னலில் நின்று பார்த்தாள்.

மறுநாள் ஏழையும் கருவியில் ஏற்றினாள். ஆறு உறைகளிலும் ஈயம் போன மாதத்தைவிடக் குறைந்து ஐம்பத்தெட்டுக்கு வந்திருந்தது. ஏழாவது உறையில் பதினெட்டு.

கருவியின் கணக்கு நேரே டாக்டரின் கணினிக்கும் போகும். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார். முந்தின நாளே குணாளன் அவரிடமும் அந்த வேண்டுதலைப் பற்றிச் சொல்லியிருந்தார். இப்போது அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. "நீ சொன்னது சரிதான்" என்றார். "எதையோ பூசுறான். பூசின எடத்துல ஈயமே இல்ல. போன தடவ கழுவிட்டுக் குடுத்திருப்பான், இந்தத் தடவ கறை தங்கிருச்சு. மாட்டிக்குவோம்னு வேண்டுதல் கதை." கடிதத்தை அன்றைக்கே அடித்தார். நாளையிலிருந்து வரவேண்டாம், திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை என்று குணாளனுக்குப் போனில் சொன்னார்.

மஹ்பூபா அங்கேயே நின்றாள். வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாதா? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. மாதிரி எடுக்கும் மரத்தில் சோதனைக்கூடத்து ஆளே கை வைத்தால் அறிக்கை செல்லாது, தொழிற்சாலைக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள், அவளை வேறெந்தச் சோதனைக்கூடமும் சேர்க்காது. குணாளன் பேரில் ஒரு தப்பும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த முதல் நிமிஷத்தில் அவள் தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டாள். வெட்கக்கேடு என்று அவளுக்கே தெரிந்தது.

ஆனால் ஒன்று குடைந்தது. அவள் வைத்தது வெறும் மருதாணி. அதற்கு ஏன் ஈயம் போக வேண்டும்? வீட்டுக்குப் போனதும் அண்ணன் மனைவி நூர் ஃபாத்திஹாவிடம், அன்றைக்கு மருதாணியில் என்னவெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டாள். தேயிலைச் சாயம், சீனி, எலுமிச்சை என்றார் அவர். எலுமிச்சை எவ்வளவு என்று கேட்டாள். எட்டுப் பழம், அப்போதுதானே நன்றாகச் சிவக்கும் என்று பதில் வந்தது.

மஹ்பூபா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு எலுமிச்சம்பழம். புளிப்பு. அந்தப் புளிப்புதான் பாசியில் ஒட்டியிருந்த ஈயத்தை இளக்கிவிட்டது, பசை உதிர்ந்து மழையோடு போனபோது ஈயமும் கூடப் போயிருக்கிறது. நாள் தவறாமல் அவள் என்ன செய்கிறாள்? அமிலத்தை ஊற்றித்தானே பாசியிலிருந்து ஈயத்தைப் பிரிக்கிறாள்! இருபது வருஷமாகச் செய்கிற வேலை. அது எப்படி மறந்துபோகும்? மறக்கவில்லை. ஆளையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். அதை உருக்கினால் புகையில் கந்தகம். கந்தகப் புகை மேகத்தில் கலந்தால் மழையே புளித்துத்தானே இறங்கும்?

வெள்ளிக்கிழமை அக்கரையில் மழை. விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்த கண்ணாடிப் புட்டிகளோடு ஃபெரி ஏறினாள். மரங்களின் கிளைக்கு வெளியே, திறந்த வானத்துக்குக் கீழே புட்டிகளை வைத்து நனைந்துகொண்டே நின்றாள். திரும்பி வந்து சோதனைக்கூட மொட்டைமாடியிலும் மழை பிடித்தாள். புளிப்பைக் காட்டும் மீட்டரில் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ஜார்ஜ்டவுன் மழை ஐந்தரை காட்டியது. அக்கரை மழை நாலுக்கு வந்து நின்றது.

ஒவ்வொரு வருஷமும் மிச்சமாகும் பாசியை டாக்டர் எறிய விடமாட்டார். போன வருஷத்து உறைகள் அலமாரியில் அப்படியே இருந்தன. சனிக்கிழமை பூட்டிய கூடத்தைத் திறந்து, அந்தப் பாசியைப் பாதி பாதியாகப் பிரித்தாள். ஒரு பாதியை இந்த மழையிலும் ஒரு பாதியை அந்த மழையிலும் ஊறவைத்தாள், வடித்தாள், மறுபடி ஊறவைத்தாள். ஞாயிறு சாயங்காலம் கருவி சொன்னது. ஜார்ஜ்டவுன் மழையில் ஊறிய பாசியில் ஈயம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அக்கரை மழையில் ஊறியதில் பாதிக்குமேல் காணோம், போனதெல்லாம் தண்ணீரில் கிடந்தது. பாசியில் ஈயம் குறைந்தது காற்று சுத்தமானதால் இல்லை. முன்னைவிடக் கெட்டதால். சேர்த்து வைத்ததை மழை வந்து அலசிக்கொண்டு போயிருக்கிறது.

அவளுக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இது போதும். இந்தத் தாளைக் கொடுத்தால் குணாளன் தப்பித்துவிடுவார், மருதாணிப் பேச்சே எடுக்க வேண்டாம். அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை குணாளன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, பதினாறு வருஷமாக உட்காராத விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் சரியாகச் செய்யவில்லை. மஹ்பூபாவைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். நல்ல வேலை என்று மனசாரச் சொன்னார். இதை அப்படியே நகராட்சிக் கூட்டத்தில் வைக்கலாம், இரண்டாவது உலை இனி நடக்காது என்றார். மஹ்பூபாவுக்கு மூச்சு வந்தது.

"ஆனா மழை மருதாணி வைக்காது" என்றார் டாக்டர் அடுத்தபடியாக. "பழுப்புக் கறை யாரு வெச்சது? குணாளன், ஒங்களத்தான் கேக்குறேன்."

நான் வைக்கவில்லை டாக்டர் என்றார் குணாளன். வேறு யார் வைத்திருப்பார்கள் என்று டாக்டர் கேட்டார். தெரியாது, குடியிருப்பில் யாராவது கஷ்டத்தில் வைத்திருக்கலாம், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம் என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

மஹ்பூபா அந்தக் காலி இடத்தையே பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் போட்ட கணக்கெல்லாம் போயிற்று. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

"மருதாணி வெச்சது நான்தான் டாக்டர்" என்றாள்.

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். கல்பாசிப் பொட்டலம், ஹன்னாவின் கல்யாணம், ஜாடி, குடை, எட்டு எலுமிச்சம்பழம், ஒன்றையும் விடவில்லை. புஷ்பவள்ளி டீச்சரிடம் போனில் சொன்னதையும் சொன்னாள். சொல்லும்போது குணாளன் பக்கம் பார்க்கவே முடியவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். மாதிரியில் கை வைத்தது இவரல்ல, நீதான் என்றார் அவளிடம். ஏழாவது உறை கணக்கில் வராது, ஆனால் அது ஏன் வரவில்லை என்று அறிக்கையில் உன் பெயரோடு எழுத வேண்டும், அதைத் தொழிற்சாலையின் வக்கீல் படித்துக் காட்டும்போது நீயும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், உன் வேலையைப் பற்றி அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். பிறகு எழுந்து குணாளனிடம் மன்னிப்புக் கேட்டார். குணாளன் அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் படியிறங்கப் போனார்.

மஹ்பூபா பின்னாலேயே ஓடினாள். படிக்கட்டில் அவரை நிறுத்தி, மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம் தங்கச்சி" என்றார்.

கேட்டிருக்கலாம். பதினாறு வருஷத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் எதைத்தான் கேட்கவில்லை? இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. டீச்சரிடம் இன்றைக்கே பேசுகிறேன், வீட்டுக்கே வந்து காமினியிடமும் சொல்கிறேன் என்றாள்.

"காமினி சனிக்கிழமையே வேலைய விட்டுட்டா" என்றார் குணாளன். "பஸ் ஸ்டாப்ல குடியிருப்பு ஆளுங்க நின்னு, அப்பன் வாங்கிக் குடுத்த வேலன்னு பேசியிருக்காங்க, அவ காதுல விழுந்துருச்சு. தாப்பாலா, பரவால்ல, வேல போனா இன்னொன்னு தேடிக்குவா. மூணு இன்டர்வியூ போய் வாங்குனது அது. லெட்டர் எழுதி முடிச்சிட்டு எங்கிட்ட வந்து கேட்டா, அப்பா, அது நெசமாவே நானா வாங்குன வேலைதானான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னுதான் சொன்னேன்." அவர் ஒரு படி இறங்கி நின்றார். "நம்புனாளான்னு தெரியல."